பிக்கப் டிரக்கின் டெயில்கேட் (சரக்குத் தளத்தின் பின்கதவு) திருடு போகாமல் தடுக்க என்ன வழி?

ஹூஸ்டனில் வசிக்கும் நான் இதைக் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டவன். குடியிருப்பின் வாகன நிறுத்தத்தில் இரவு விட்டிருந்த என் ஃபோர்டு எஃப்-150, காலையில் பின்புறம் மொட்டையாக நின்றது. வெட்டப்பட்ட கேமரா வயர் பம்பர் மீது தொங்கியது. மற்றபடி வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை.

கீறல் விழ வேண்டிய தேவையே திருடனுக்கு இல்லை. சுமை ஏற்றும் வசதிக்காக, டெயில்கேட்டைக் கருவி ஏதுமின்றிக் கழற்றும்படிதான் பெரும்பாலான பிக்கப்புகளைச் செய்கிறார்கள். கதவைச் சாய்த்து, இருபுறமும் அதைத் தாங்கும் கேபிள்களை விடுவித்து, ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் வலப்பக்கத்தைத் தூக்கினால் அந்தப் பக்கத்துக் கீல் தன் பள்ளத்திலிருந்து வெளியே வந்துவிடும். பிறகு இடப்பக்கத்தை உருவிக்கொள்ள வேண்டியதுதான். பழகிய கைக்கு ஒரு நிமிடம் அதிகம். 2015 மாடல் முதல் எஃப்-150இன் உடற்பகுதி அலுமினியத்துக்கு மாறிவிட்டதால் சுமையும் குறைவு. அந்த உபகாரம் திருடனுக்கும் சேர்த்துத்தான்.

முதல் காவல் கைப்பிடிப் பூட்டு. என் வண்டியிலும் அது இருந்தது, நான்தான் ஒருநாளும் பூட்டியதில்லை. ஆனால் கைப்பிடியை நெம்பித் திறப்பவர்களும் உண்டு என்பதால், என் கருத்தில் உண்மையான காவல் கீலில்தான் இருக்க வேண்டும். ஊரில் கேஸ் அடுப்பின் ரப்பர் குழாயை இறுக்கும் வளையம் போன்ற, சற்றுப் பெரிய துருப்பிடிக்காத எஃகு ஹோஸ் கிளாம்ப் ஒன்றை வலப்பக்கக் கீலின் பள்ளத்தை மூடும்படி சுற்றி இறுக்கிவிட்டால், கதவு வழக்கம்போலத் திறந்து மூடும், தூக்கினால் மட்டும் வெளியே வராது. திருகின் தலை எளிதில் எட்டாத பக்கம் இருக்கட்டும். கதவை ஓரிரு முறை மெதுவாகத் திறந்து, கிளாம்ப் எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவரோடு வருபவனை இது தாமதப்படுத்துமே தவிர முற்றிலும் நிறுத்தாது. அதற்கென்றே தனிச் சாவியுடன் விற்கும் கீல் பூட்டு இன்னும் வலுவானது.

நிறுத்தும்போது வண்டியின் பின்புறத்தைச் சுவரை ஒட்டி, கதவைச் சாய்க்க இடமில்லாதபடி நிறுத்துங்கள். டெயில்கேட்டில் பொதுவாக வண்டியின் 17 இலக்க அடையாள எண் இருப்பதில்லை. அதை உட்புறத்தில் பொறித்து வைத்தால், பின்னால் எங்காவது பிடிபட்டாலும் உங்களுடையது என்று காட்ட முடியும்.

காப்பீட்டையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இந்தத் திருட்டுக்கு, மோதல் அல்லாத இழப்புகளுக்கான 'காம்ப்ரிஹென்சிவ்' பிரிவில்தான் இழப்பீடு கிடைக்கும். அதிலும் டிடக்டிபிள், அதாவது இழப்பில் நாமே ஏற்க வேண்டிய முதல் தொகை, நம் தலையில்தான். கேமரா பொருத்திய கதவுக்கு, அதை வண்டியின் நிறத்துக்கு வண்ணமடிக்கும் கூலியும் சேர, எனக்கு வந்த பில்லைப் பார்த்த அன்றே கடைக்குப் போய் அந்தக் கிளாம்பை வாங்கி மாட்டினேன்.