இல்லாத துகளுக்கு ஐந்நூறு விளக்கங்கள்: இயற்பியல் படிக்க விரும்பும் மகளின் தாய்க்கு

மதிப்பிற்குரிய அம்மா,

"இல்லாத ஒரு துகளுக்கு ஐந்நூறு கட்டுரை எழுதியவர்களாம். அந்தப் படிப்புக்கா என் மகள் போக வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் உறவினர் சொன்னது உண்மைச் சம்பவம்தான். ஆனால் அதை அவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

2015 டிசம்பர் 15 அன்று ஜெனீவா அருகே உள்ள செர்ன் என்ற ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகத்தில் அட்லஸ், சிஎம்எஸ் என்ற இரு குழுக்கள் தங்கள் புதிய தரவுகளை வெளியிட்டன. புரோட்டான்கள் மோதும்போது ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், இரண்டிரண்டாக வெளிப்படும் நிகழ்வுகளை இரு குழுக்களும் எண்ணியிருந்தன. 750 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலையும் நிறையையும் அளக்கும் அலகு) அருகே, எதிர்பார்த்ததைவிட எண்ணிக்கை சற்றுக் கூடியிருந்தது. வரைபடத்தில் சிறு மேடு. மற்றத் துகள்களின் நிறையோடு தொடர்புடைய ஹிக்ஸ் துகள் 2012இல் அகப்பட்ட முக்கிய வழிகளில் ஒன்றும் இதே போன்ற ஃபோட்டான் இணைகள்தான். அதைப்போல ஆறு மடங்கு கனமான புதிய துகள் ஒன்று தென்படுகிறதென்றால் எவருக்குத்தான் தூக்கம் வரும்? இரண்டு வாரங்களுக்குள் அந்த மேட்டை விளக்க முயன்று நூற்றுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் வந்தன. இந்தியாவிலிருந்தும் எழுதினார்கள்.

அட்லஸ் கண்ட மேட்டின் வலிமை 3.6 சிக்மா. சிக்மா கூடக் கூட, அது வெறும் தற்செயலாக இருக்கும் வாய்ப்பு குறையும். ஆனால் அது அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்துப் போட்ட கணக்கு. தேடியதோ மிக நீண்ட ஆற்றல் பரப்பில். அவ்வளவு இடங்களில் தேடினால் எங்கேனும் ஒரு மேடு தற்செயலாகவே எழும். அதையும் சேர்த்துக் கணக்கிட்டபோது வலிமை 2 சிக்மா அளவுக்கு இறங்கியது. கண்டுபிடிப்பு என்று அறிவிக்க 5 சிக்மா வேண்டும். இந்த எண்கள் முதல் நாளே எல்லோர் கண்முன்னும் இருந்தன. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

அப்படியானால் கோட்பாட்டாளர்கள் என்ன செய்தார்கள்? "இது உண்மையாக இருந்தால்" என்று தொடங்கினார்கள். மின்னூட்டம் இல்லாத துகள் இரண்டு ஃபோட்டான்களாகச் சிதைய வேண்டுமானால், இடையில் மின்னூட்டமுள்ள வேறு துகள்கள் இருந்தாக வேண்டும். அவை எங்கே? ஃபோட்டான் இணை வருகிறதென்றால் இசட் என்ற கனமான துகளும் ஃபோட்டானும் சேர்ந்து வருவதையும் பார்க்க முடியுமா? 8 டெரா எலக்ட்ரான் வோல்ட் (8,000 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்) ஆற்றலில் முன்பு நடந்த மோதல் சோதனைகளில் இது ஏன் பளிச்சென்று தெரியவில்லை? ஒவ்வொரு கேள்வியும் அடுத்து எங்கே தேட வேண்டும் என்று சோதனைக் குழுக்களுக்குக் காட்டியது. எனக்கு இது வீண் உழைப்பாகத் தெரியவில்லை. அவசரத்தில், பெயர் பதிந்தால் போதும் என்று எழுதப்பட்டவையும் அவற்றில் உண்டு; அதை மறைத்து உங்களிடம் பேச மாட்டேன்.

2016 ஆகஸ்டில் சிகாகோ மாநாட்டில், முன்பைவிடப் பல மடங்கு அதிகமான தரவுகளோடு இரு குழுக்களும் வந்தன. மேடு மறைந்துவிட்டது. அதற்குள் கட்டுரைகள் ஐந்நூறை எட்டியிருந்தன.

இனி உங்கள் மகளைப் பற்றி. ஐசர் (IISER) என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்களின் ஐந்தாண்டுப் படிப்புக்கு ஐஏடி (IAT) நுழைவுத் தேர்வு இருக்கிறது. அதே போன்ற புவனேஸ்வர் நைசர் (NISER) நிறுவனத்துக்கு நெஸ்ட் (NEST) நுழைவுத் தேர்வு. சென்னைக் கணிதவியல் நிறுவனத்தில் கணிதமும் இயற்பியலும் சேர்ந்த மூன்றாண்டு இளநிலைப் படிப்பு உண்டு. அவள் கணிதத்தை விரும்புகிறாள் என்றால் இதை முதலில் பாருங்கள் என்பேன். முனைவர் பட்ட ஆய்வின் தொடக்க ஆண்டுகளில் ஜேஆர்எஃப் (JRF) என்ற இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை, 2023இல் அறிவித்தபடி, மாதம் 37,000 ரூபாய். அதன் பிறகு வெளிநாட்டிலோ இங்கோ சில ஆண்டுகள் தற்காலிக ஆய்வுப் பணி. நிலையான பேராசிரியர் இடங்கள் மிகக் குறைவு. தகுதி உள்ளவர்களிலும் பலருக்குக் கிடைப்பதில்லை. உங்கள் கவலையில் நியாயமான பகுதி இதுதான், ஐந்நூறு கட்டுரைகள் அல்ல. ஆகவே பட்டப்படிப்பிலேயே கணினி நிரலும் புள்ளியியலும் அவள் ஆழமாகக் கற்கட்டும். மேட்டின் வலிமையை எடைபோட்ட அதே புள்ளியியல்தான் தரவு அறிவியலிலும் நிதித்துறையிலும் வேலை தருகிறது. வழி மாற நேர்ந்தாலும் கைத்தொழில் இருக்கும்.

வீட்டு வருமானம் அவளுடைய இருபத்திரண்டு வயதுச் சம்பளத்தை நம்பியிருக்கிறதா என்பதை நீங்கள் எழுதவில்லை. அப்படியென்றால் மறைக்காமல் சொல்லுங்கள், ஆலோசனை மாறும்.

அடுத்த வாரம் அவளையும் அழைத்து வாருங்கள். மதிப்பெண் பட்டியல் வேண்டாம். டிசம்பரில் எட்டு மாத உழைப்பைத் தொடங்கி, ஆகஸ்டில் அந்த மேடு மறைந்ததைப் பார்த்த இளம் ஆய்வாளர் ஒருவரின் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கச் சொல்வேன். மறுநாள் காலை என்ன செய்வாய் என்று கேட்பேன். அவள் யோசித்துச் சொல்லும் பதிலை நீங்களும் பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.