வேலைக்குப் போகும் 19 வயது மகனுக்கு இன்னும் ஜீவனாம்சம் கட்ட வேண்டுமா?

பொதுவாக வேண்டாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவில் (2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் என்ற புதிய சட்டத்தின் 144-ஆவது பிரிவு) மகனுக்கான தொகை 18 வயது வரைதான், உடல் அல்லது மனக் குறைபாட்டால் சம்பாதிக்க முடியாத பிள்ளைக்கு மட்டும் அதற்குப் பிறகும் தொடரும். மகள் என்றால் கதை வேறு. திருமணமாகாத, சொந்த வருமானத்தில் வாழ முடியாத இந்து மகள் 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 20-ஆவது பிரிவில் தந்தையிடம் கேட்கலாம், 2020-இல் அபிலாஷா வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அவளுக்குப் போதுமான சம்பளம் வந்தால் அந்த உரிமையும் நிற்கும்.

ஆனால் தயவுசெய்து நீங்களாகவே பணத்தை நிறுத்தாதீர்கள். முதலில் உத்தரவு நகலை எடுத்துப் படியுங்கள், "மனைவிக்கு 6,000, மகனுக்கு 4,000" என்று தனித்தனியாக இருக்கிறதா, மொத்தமாக 10,000 என்று இருக்கிறதா? மொத்தமாக இருந்தால் மகன் பங்கு இவ்வளவு என்று நீங்களே கழிக்க முடியாது, அப்புறம் அது பாக்கியாகி, உத்தரவுப்படி பணத்தை வசூலிக்கக் கோரும் நிறைவேற்று மனுவில் வந்து நிற்கும். மகனின் பிறந்த தேதிச் சான்று, சம்பளச் சீட்டு கிடைத்தால் அதையும் வைத்து, அதே குடும்ப நல நீதிமன்றத்தில் உத்தரவை மாற்றக் கோரி பிஎன்எஸ்எஸ் 146-ஆவது பிரிவில் மனுப் போடுங்கள். மனைவியின் தொகை தனி, பழைய பாக்கியும் அப்படியே இருக்கும்.