மூன்றாம் பத்தி யாருடையது?

அன்புள்ள ஐயா,

மதுரையைச் சுற்றியுள்ள சமணர் குன்றுகளைப் பற்றிச் சில வருடங்களாக எழுதிவருகிறேன். பழைய கட்டுரைகளைத் திருத்தி ஓர் இதழுக்கு அனுப்பலாமா? நான் எழுதியதை நானே மறுபடி எடுத்துப் போடுவது திருட்டாகுமா? பிறரிடமிருந்து எடுத்த பகுதிக்கு ‘நன்றி: இணையம்’ என்று போட்டால் போதுமா? அப்படி மறுபடி போட்டால் கூகுள் தேடலில் பின்னுக்குப் போய்விடும் என்கிறார்கள் நண்பர்கள். அவற்றில் ஒன்றான மாங்குளம் மலையைப் பற்றிய கட்டுரையை இணைத்துள்ளேன்.

ர., திருமங்கலம்

அன்புள்ள தம்பி,

நீங்கள் எழுதியது உங்களுடையது. 1957-ஆம் வருடத்துக் காப்புரிமைச் சட்டப்படி, பொதுவாக எழுதியவரே முதல் உரிமையாளர். பதிவு செய்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. உரிமையை யாருக்காவது எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் அந்தக் காகிதத்தை எடுத்துப் பாருங்கள். இது முன்பே வெளிவந்தது என்று இதழாசிரியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பழையதைப் புதியது என்று நீட்டுவதுதான் தப்பு. கூகுள் கவலையை விடுங்கள்.

சரி, கட்டுரைக்கு வருவோம். மலையேறும் பகுதி அருமை. சமணத் துறவிகளுக்காகப் பாறையில் வெட்டிய கற்படுக்கையில் கை வைத்தபோது உணர்ந்த குளிர்ச்சியை எழுதியிருக்கிறீர்கள். அதை வேறு யாரும் எழுதித் தந்திருக்க முடியாது. ஆனால் மூன்றாம் பத்தி யாருடையது? நடை சட்டென்று மாறி, ‘ஆய்வாளர்கள் கூறுகின்றனர்’ என்று வருகிறது. எந்த ஆய்வாளர்? அவருக்குப் பேர் கிடையாதா?

1882-ல் ஆங்கிலேய அதிகாரி ராபர்ட் சீவெல் மாங்குளம் மலையின் கல்வெட்டுகளைக் கண்டார். அப்புறம் நாற்பது வருடத்துக்கு மேல் அது என்ன மொழி என்பதே தெளிவாகவில்லை. 1924-ல் கல்வெட்டறிஞர் கே.வி. சுப்பிரமணிய அய்யர்தான் அது தமிழ் என்று எடுத்துக்காட்டினார். ஒருவர் வாழ்நாளில் செய்த பெரிய காரியத்தை ஒற்றை வரியில் எடுத்துக்கொண்டு, அவரைத் துடைத்துவிட்டீர்கள். எனக்குக் கோபம் வருகிறது.

என்னை முதன்முதலில் மாங்குளம் மலைக்குக் கூட்டிப்போனவர் என் கல்லூரி ஆசிரியர். உச்சி வெயிலில் எழுத்தே தெரியவில்லை. வெயில் சாயட்டும் என்று உட்கார வைத்தார். பொழுது இறங்க இறங்கப் பாறையில் ஒவ்வொரு கோடாக எழும்பி வந்தது. அவர் உடனே படித்துவிடவில்லை. முதலில் இதைப் படித்தவர் இன்னார், பிற்பாடு திருத்தியவர் இன்னார் என்று சொல்லிவிட்டுத்தான் படித்தார். கணி நந்தன் என்ற துறவிக்கு, பாண்டிய மன்னன் நெடுஞ்செழியனின் அலுவலர் கடலன் வழுதி அமைத்துக் கொடுத்த பள்ளி, அதாவது துறவியர் தங்குமிடம். கொடுத்தவர் பேரும் பெற்றவர் பேரும் ஈராயிரம் வருடத்துக்கு மேலாக அந்தப் பாறையில் இருக்கின்றன. அதைப் பற்றி எழுதும் கட்டுரையின் அடியில் ‘நன்றி: இணையம்’ என்று போடுவீர்களா? இணையம் எதையும் எழுதுவதில்லை தம்பி. யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

அந்தப் பத்தியை எங்கே எடுத்தீர்களோ அங்கே திரும்பிப் போங்கள். வரிகள் அப்படியே வேண்டுமென்றால் மேற்கோள் குறிக்குள் பேரோடு போடுங்கள். இல்லையென்றால் அதை மூடி வைத்துவிட்டு உங்கள் நடையில் எழுதுங்கள்; அப்போதும் பேர் வேண்டும். சொல்லை மாற்றினாலும் கண்டுபிடித்தவர் அவர்தானே.

முடித்துவிட்டு எனக்கே அனுப்புங்கள். இதழாசிரியரிடம் நான் பேசுகிறேன்.