ஐஸ் உருகி வந்த ஆன்டிபாடியைத் திருப்பி அனுப்பலாமா?

கேள்வி: எங்கள் கல்லூரி பயோடெக் லேபுக்கு, மனித ஃபைப்ரினோஜனுக்கு (இரத்தம் உறைய உதவும் புரதம்) எதிரான முயல் பாலிகுளோனல் (பலவகை ஆன்டிபாடிகள் கலந்த) ஆன்டிபாடி 100 மைக்ரோலிட்டர் வாங்கினோம். பெங்களூரில் வெள்ளிக்கிழமை ஏற்றிய பார்சல் திங்கட்கிழமைதான் கைக்கு வந்தது; ஐஸ் பேக் முழுக்க உருகியிருந்தது. "ஒன்றும் ஆகாது" என்கிறார் டீலர். நம்பலாமா? எங்களிடம் இருப்பது வீட்டு ஃபிரிட்ஜ்தான்.
- லேப் டெக்னீஷியன், தர்மபுரி

பதில்: டீலர் சொல்வது பெரும்பாலும் சரி. சுத்திகரித்த ஐஜிஜி (இந்த ஆன்டிபாடியின் வகை) சில நாள் வெளிச்சூட்டைத் தாங்கும். என்சைமோ ஒளிரும் சாயமோ சேர்த்ததென்றால் அவ்வளவு நம்ப வேண்டாம். எப்படியானாலும் வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். பெட்டி, லேபிள், லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) மூன்றையும் படம் எடுத்து, பார்சல் கைக்கு வந்த நேரத்தைக் குறிப்பிட்டு அன்றைக்கே டீலருக்கு மின்னஞ்சல் போடுங்கள். புகார் சொல்லும் கெடு முடிவதற்குள் சோதித்தும் விடுங்கள்.

சோதிக்க, ஒரே ஆளின் சிட்ரேட் பிளாஸ்மாவும் (உறையாமல் தடுத்த இரத்தத்தின் திரவம்) சீரமும் (இரத்தம் உறைந்தபின் மிஞ்சும் திரவம்) போதும். பிளாஸ்மாவில் லிட்டருக்கு 2 முதல் 4 கிராம் ஃபைப்ரினோஜன் இருக்கும். சீரத்தில் அது உறைகட்டியோடு போய்விடும். இரண்டையும் 50 மடங்கு நீர்க்கச் செய்து, ஒடுக்கும் பஃபரில் (புரதச் சங்கிலிகளைப் பிரிக்கும் கரைசல்) கொதிக்கவைத்து, 5 மைக்ரோலிட்டர் ஜெல்லில் ஏற்றுங்கள். வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் அடையாளம் காணும் சோதனை) பிளாஸ்மா வரிசையில் ஏறத்தாழ 65, 55, 48 கிலோடால்டனில் மூன்று பட்டைகள் தெரியவேண்டும். சீரம் வரிசை கிட்டத்தட்ட வெறுமையாக இருக்கவேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: செகண்டரி ஆன்டிபாடி (முதலில் போடும் பிரைமரியைப் பிடித்துக் காட்டும் இரண்டாவது ஆன்டிபாடி) மனித ஐஜிஜியையும் பிடித்தால் 50 கிலோடால்டன் பக்கம் ஒரு பட்டை வந்து, ஃபைப்ரினோஜன் போலவே நிற்கும். பிரைமரி போடாமல் செகண்டரி மட்டும் போட்ட ஒரு துண்டையும் கூடவே ஓட்டிப் பாருங்கள்.

வயலைத் திறக்குமுன் சில நொடி சென்ட்ரிஃபியூஜில் சுற்றுங்கள். பாதிச் சரக்கு மூடியில் ஒட்டியிருக்கும், "அளவு குறைகிறது" என்று டீலரிடம் சண்டைக்குப் போவது அதனால்தான்.

பிறகு டேட்டாஷீட்டில் கிளிசரால் 50 சதவீதம் என்றிருக்கிறதா பாருங்கள். இருந்தால் மைனஸ் 20-இல் உறையாது. பிரிக்காமல் அப்படியே வைக்கலாம், மைனஸ் 80 வேண்டாம். இல்லையென்றால் பத்துப் பத்து மைக்ரோலிட்டராகச் சிறு டியூப்களில் பிரித்து உறையவையுங்கள். 1:1000 வீதத்தில் ஒரு டியூப் 10 மில்லிக்கு வரும், அதாவது ஒரு பிளாட்டுக்கு. அதைவிடக் குறைத்தால் ஆவியாவதும் சுவரில் ஒட்டுவதுமாகப் போய்விடும். எடுத்து உருக்கிய டியூபைத் திரும்ப உறையவைக்கக் கூடாது. அதில் புரதம் திரள்கிறது.

பனி கட்டாத வீட்டு ஃப்ரீசர் பனியைக் கரைக்க அவ்வப்போது சூடாகும். ஐஸ் பேக் அடுக்கிய சின்னத் தெர்மோகோல் பெட்டிக்குள் டியூப்களை வைத்து அதை ஃப்ரீசரின் பின்பக்கம் தள்ளுங்கள்; கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும். ஃபிரிட்ஜ் கதவில் மட்டும் வேண்டாம். சோடியம் அசைடு (கெடாமல் காக்கும் பொருள்) உள்ள பிரைமரி பிரச்சினையில்லை. ஆனால் எச்ஆர்பி என்ற என்சைம் சேர்த்த செகண்டரி கரைசலில் அசைடு விழுந்தால் என்சைம் படுத்துவிடும்.

கேள்வி: மிச்சமாகும் இதே ஆன்டிபாடியை வைத்து நோயாளிகளின் ஃபைப்ரினோஜன் அளவு பார்த்துத் தரலாமா?
- தனியார் லேப் வைத்திருப்பவர், கிருஷ்ணகிரி

பதில்: கூடாது. "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று அச்சிட்டது ரிப்போர்ட்டுக்கு ஆகாது. ஃபைப்ரினோஜன் அளவு பார்க்கும் கிளாஸ் (Clauss) முறைக்கான கிட்டும் கோயாகுலோமீட்டரும் (உறையும் நேரத்தை அளக்கும் கருவி) வாங்குங்கள். பரிசோதனைக் கிட்டுகள் 2017 மருத்துவச் சாதன விதிகளின் கீழ் வருகின்றன, உரிம எண்ணைப் பில்லோடு சரிபாருங்கள். லாபத்துக்கு நடத்தும் லேப் வாங்கிய சரக்கு பற்றிய புகார் நுகர்வோர் ஆணையத்தில் பொதுவாக எடுபடாது. பிழைப்புக்கான சுயதொழில் என்றால் விதிவிலக்கு உண்டு. உங்கள் நிலை எது என்று தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.