மூங்கில் பூத்த வருடம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஆயுதக் குழுக்களோடு அரசு பேசத்தான் வேண்டும் என்று போன வாரம் எழுதியிருந்தீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. துப்பாக்கி தூக்கியவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தால், பொறுமையாக மனு கொடுத்துக்கொண்டிருந்தவன் ஏமாளி ஆகிவிட மாட்டானா? ராணுவத்தை முழுமூச்சாக இறக்கினால் ஆறு மாதத்தில் முடிகிற காரியம்தானே?

எம்., திருச்சி

அன்புள்ள எம்.,

மனு கொடுத்தவனைப் பற்றிக் கேட்டீர்களே, அது நல்ல கேள்வி. மிசோரத்தின் கதை ஒரு மனுவில்தான் தொடங்குகிறது.

அங்கே ஏறக்குறைய 48 வருடங்களுக்கு ஒருமுறை மூங்கில் காடு மொத்தமும் பூத்துக் காய்க்கும். அந்தக் காயைத் தின்று எலிகள் பெருகும். காய் தீர்ந்ததும் மலைச்சரிவில் விளைந்து நிற்கும் நெல்லில் இறங்கும். ஒரு குடும்பத்தின் வருடச் சாப்பாடு ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விடும். மௌதாம் என்பார்கள். மிசோரம் அப்போது அசாமின் ஒரு மாவட்டம். 1958இலேயே மிசோ மாவட்டக் கவுன்சில் இதை முன்கூட்டிச் சொல்லி, அசாம் அரசிடம் நிவாரணப் பணம் கேட்டது. மலை ஜனங்களின் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டார்கள். சொன்னபடியே பஞ்சம் வந்தது. அப்போது ஊர் ஊராக அரிசி கொண்டுபோய்க் கொடுத்த பஞ்ச நிவாரண அமைப்புதான் 1961இல், லால்டெங்கா தலைமையில், மிசோ தேசிய முன்னணி ஆனது.

1966 பிப்ரவரி 28 இரவு அவர்கள் ஆயுதத்தோடு எழுந்தார்கள். மறுநாள் தனிநாடு என்று அறிவித்தார்கள். மார்ச் 5 அன்று நம் விமானப்படை, இன்று மிசோரத்தின் தலைநகராக இருக்கும் ஐஸ்வால் மேல் குண்டு போட்டது. நம் ஊர், நம் ஜனங்கள், நம் விமானம். முழுமூச்சு என்று நீங்கள் சொல்வது அங்கே நடந்து முடிந்த ஒன்று.

அப்புறம் 1967இல் கிராமங்களை ஒன்றுசேர்க்கும் திட்டம் வந்தது. மலாயாவில் பிரிட்டிஷ்காரர்கள் செய்ததன் வழியில், 500க்கும் மேற்பட்ட ஊர்களைக் காலி செய்து, மக்களைக் காவலுக்குள் கொண்டுவந்து குடிவைத்தார்கள். தார்சோ என்ற ஊரில் நடந்ததை, அங்கே போன ராணுவ அதிகாரியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். எடுத்துப்போக முடிந்ததை எடுத்துக்கொண்டு, அவரவர் வீட்டுக்கு அவரவரே தீ வைக்கச் சொன்னார்கள். யாரும் கை நீட்டவில்லை. கடைசியில் அந்த அதிகாரியே ஒரு வீட்டுக்குத் தீ வைத்தார், மற்ற வீடுகளுக்கு அவருடைய வீரர்கள் வைத்தார்கள். சுமக்க முடியாத நெல்லும் எரிந்தது. பிறகு ஊர்த்தலைவரிடம், நாங்களாகவே விரும்பிப் புறப்பட்டோம் என்று துப்பாக்கியைக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். அந்தக் கையெழுத்தை என்னால் மறக்க முடியவில்லை. அன்று அம்மா இடுப்பிலிருந்து பார்த்த பிள்ளைக்கு யாரும் வந்து கொள்கை விளக்கம் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

முன்னணி செய்ததையும் நான் மறைக்கவில்லை. 1975 ஜனவரியில் ஐஸ்வாலில், அலுவலகத்துக்குள்ளேயே நுழைந்து மூன்று காவல்துறை உயர் அதிகாரிகளைச் சுட்டுக் கொன்றார்கள். அது கொலை. வேறு பெயர் அதற்குக் கிடையாது.

ஆறு மாதம் இல்லை, இருபது வருடம் ஓடியது. 1971இல் பங்களாதேஷ் பிறந்ததும் கிழக்கு பாகிஸ்தானில் இருந்த அவர்களுடைய முகாம்கள் போயின. படைபலத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் சண்டை முடிந்தது 1986 ஜூன் 30 ஒப்பந்தத்தில்தான். அதற்கு வழிவிட, தேர்தலில் ஜெயித்து முதல்வராக இருந்த லால் தன்ஹாவ்லா தன் நாற்காலியை விட்டு இறங்கினார். எதிரே நின்ற லால்டெங்கா அதில் உட்கார்ந்தார். பதவியை அப்படி விட்டுக்கொடுக்க எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! இந்தக் கதையில் நான் கும்பிடுவது அவரைத்தான்.

எந்தப் பேச்சும் பலிக்கும் என்று சொல்ல வரவில்லை. 1975இல் நாகாலாந்தின் நாகர்களோடு போட்ட ஷில்லாங் ஒப்பந்தத்தில் அவர்களுடைய தலைவர் பீசோ கையெழுத்திடவில்லை. அதை ஏற்காதவர்கள் 1980இல் தனி அமைப்பே கண்டார்கள். யாரோடு பேசுகிறோம், அவர் சொன்னால் காட்டில் இருப்பவன் கேட்பானா என்று பார்த்துத்தான் பேச வேண்டும்.

சரி, உங்கள் ஏமாளிக் கேள்விக்கு வருகிறேன். மனு கொடுத்தவனை ஏமாளி ஆக்கியது 1986இன் பேச்சுவார்த்தை இல்லை. 1958இல் அந்த மனுவை மதிக்காமல் ஓரமாக வைத்தவர்கள்தான்.

2007 வாக்கில் மூங்கில் மறுபடி பூத்தது. அப்போது முதல்வர் சோரம்தங்கா, ஒரு காலத்தில் காட்டில் லால்டெங்காவோடு இருந்தவர். இந்த முறை அரசே முன்கூட்டி, எலிவால் ஒன்றுக்கு இரண்டு ரூபாய் என்று விலை வைத்து, ஊர்க்காரர்களை எலி பிடிக்கச் சொன்னது.