பொன்னாடை – வாசகர் கடிதமும் பதிலும்

சார் வணக்கம்,

ரொம்ப நாளா உங்கள படிக்கறேன், எழுதறது இதான் முதல் தடவை. நான் மூணு எலெக்‌ஷனா ஓட்டு போட்ட தலைவர், மேடைக்கு மேடை சமத்துவம் பேசறவர், போன வாரம் ஒரு சாமியாரோட பிறந்தநாள் விழாவுக்குப் போய் பொன்னாடை போத்தி, கால்ல விழுந்து, சமூகத்துக்கே வழிகாட்டின்னு பேசிட்டு வந்திருக்காரு. அந்த சாமியார் ஜாதி மாறி கல்யாணம் பண்ணா குலநாசம்னு ஓப்பனா பேசறவர், வீடியோவே இருக்கு. எங்க அக்கா ஜாதி மாறி கல்யாணம் பண்ணவ. அந்த போட்டோவ பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம போன கீழ வச்சிட்டா. என் ஃப்ரெண்ட் சொல்றான், காந்தி போய் பாக்காத ஆச்சாரவாதியா, பெரியாரே குன்றக்குடி அடிகளாரோட மேடை ஏறலையா, இந்த சாமியார் ஆஸ்பத்திரி கட்டியிருக்காரே அத பாருன்னு. எனக்கு பதில் சொல்லத் தெரியல. நான்தான் ஓவரா ரியாக்ட் பண்றேனா?

(பேர் போட வேண்டாம் சார்)

*

அன்புள்ள நண்பருக்கு,

ஓவரெல்லாம் இல்ல. உங்க ஃப்ரெண்ட் மூணு தனித்தனி விஷயத்த ஒரே பானையில போட்டு கிண்டிட்டாரு, அதான் உங்களுக்கு பதில் வரல.

பெரியார்–அடிகளார் கதைய உடனே ஓரமா வச்சிடலாம். அவங்க ரெண்டு பேருக்கும் கடவுள் விஷயத்துலதான் ஆகாது, அடிகளார் ஜாதிக்கு எதிரா நின்ன துறவி. அந்த மேடை இதுக்கு உதாரணமே கிடையாது.

காந்தி விஷயத்துலதான் கொஞ்சம் நின்னு பாக்கணும். ஆமா, போய் பாத்தாரு. 1925 மார்ச்ல, வைக்கம் கோயில சுத்தி இருக்கற தெருவுல எல்லாரும் நடக்கணும்னு சத்தியாகிரகம் நடந்துட்டு இருந்தப்ப, எதிர்த்தரப்போட தலைவரா இருந்த இண்டந்துருத்தி நம்பூதிரிய பேச கூப்பிட்டாரு, அவர் என்னை பாக்கணும்னா நீ வான்னுட்டாரு. காந்தி போனாரு. உள்ள விடல. வைசியர்ங்கறதால வெளி மண்டபத்துல உக்கார வச்சாங்க, அங்கயே உக்காந்து மணிக்கணக்கா வாதாடினாரு. நம்பூதிரி தரப்பு சொன்னது, அந்தத் தெருவுல நடக்க விடாத ஜாதிக்காரங்க முற்பிறவி கர்மாவ அனுபவிக்கறாங்கன்னு. காந்தி திருப்பி கேட்டது, சரி, கடவுள் குடுத்த தண்டனைன்னே வச்சிக்குவோம், அதுக்கு மேல கூட்டிக் குடுக்க நீங்க யாருன்னு. நம்பூதிரி மசியல, அது வேற விஷயம். (அந்த நம்பூதிரி வீட்ட பின்னாடி கள்ளிறக்கற தொழிலாளர் சங்கம் வாங்கி ஆபீஸ் வச்சிக்கிச்சு, இத சொல்லாம இருக்க முடியல என்னால.)

1927ல பாலக்காட்டு பக்கம் காஞ்சி சங்கராச்சாரியாரையும் பாத்திருக்காரு. அதுக்காக தீண்டாமை ஒழிப்ப அவர் விட்டுடல, 1933-34ல அதுக்காகவே நாடு முழுக்க சுத்தினாரு.

இப்ப உங்க தலைவர் போனதையும் வைக்கத்தையும் பக்கத்துல வச்சு பாருங்க. ரெண்டுலயும் ஒரு அவமானம் இருக்கு. வைக்கத்துல அத வாங்கிக்கிட்டது போனவர், வாசல்ல உக்காந்தது காந்திதான். உங்க கதையில போனவருக்கு மாலை மரியாதை, போட்டோ, கொஞ்சம் ஓட்டு, அவமானம் மட்டும் வீட்டுல உக்காந்து போன பாத்துட்டு இருந்த உங்க அக்காவுக்கு. நான் இந்த மாதிரி விஷயத்த எல்லாம் இப்படித்தான் பாக்கறேன், மரியாத யாருக்குங்கறது இல்ல, அந்த மரியாதைக்கு பில் யார் கட்டறாங்கன்னு.

1950கள் தொடக்கத்துல ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத் காசியில இருநூறு பிராமணர்களோட கால கழுவினாரு. சோஷலிஸ்ட் தலைவர் லோகியா கொதிச்சிட்டாரு. நாலு பேர் முன்னாடி இன்னொருத்தர் கால கழுவறதே அசிங்கம், அத ஒரு ஜாதிக்கு மட்டும்னு வச்சா தண்டனைக்குரிய குற்றமாக்கணும்ங்கற அளவுக்கு எழுதினாரு. பிரசாத் தனிப்பட்ட முறையில பக்திமான், அவர் வீட்டு பூஜை அறையில என்ன பண்ணாலும் யாருக்கும் கேக்க உரிமை இல்ல. ஆனா ஜனாதிபதி குனியும்போது கூடவே அந்த நாற்காலியும் குனியுது, அந்த நாற்காலியில ஜாதி பாக்காம எல்லாருக்கும் பங்கு இருக்கு.

ஆஸ்பத்திரி வாதத்துக்கு வருவோம், இதான் கொஞ்சம் கஷ்டமானது. 2009ல ஒபாமா பதவியேற்புல பிரார்த்தனை சொல்ல ரிக் வாரன்ங்கற பாதிரியார கூப்பிட்டாரு. வாரன் எய்ட்ஸ் நோயாளிகளுக்காக நிஜமாவே உழைச்சவர். அதே வாரன் சில மாசம் முன்னாடிதான் கலிஃபோர்னியாவுல ஒரே பாலினத்தார் கல்யாணத்த தடுக்கற ஓட்டெடுப்புக்கு ஆதரவு குடுத்தவர். சத்தம் வந்துச்சு. அப்பறம் பதவியேற்புக்கு ரெண்டு நாள் முன்னாடி லிங்கன் நினைவிடத்துல நடந்த நிகழ்ச்சிக்கு, தன்பாலின ஈர்ப்பாளர்னு வெளிப்படையா சொன்ன பிஷப் ஜீன் ராபின்சன பிரார்த்தனை சொல்ல வச்சாங்க. பேலன்ஸ் ஆச்சா? ராபின்சன் பேசினத டிவி ஒளிபரப்புல காட்டவே இல்ல, நிகழ்ச்சிக்கு முன்னாடி நடந்ததுன்னு விட்டுட்டாங்க. வாரன் பேசினத உலகமே பாத்துச்சு.

அதுக்காக தப்பான ஒரு கருத்து இருக்கறவர் கிட்ட யாருமே போகக்கூடாதுன்னு சொல்ல வரல, அப்படி பாத்தா எந்த மதத்துலயும் ஆள் மிஞ்ச மாட்டாங்க. அமெரிக்காவோட பிரபல பாதிரியார் பில்லி கிரஹாம் 1953ல சட்டனூகாங்கற ஊர்ல தன் கூட்டத்துல வெள்ளைக்காரங்களையும் கறுப்பர்களையும் பிரிச்சு கட்டியிருந்த கயிற கழட்டினவர். அதே ஆள் 1972ல அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் கூட உக்காந்து யூதர்கள பத்தி கேவலமா பேசினது டேப்ல இருக்கு, 2002ல அது வெளிய வந்தப்ப மன்னிப்பு கேட்டாரு. 2018ல அவர் உடல அமெரிக்க நாடாளுமன்ற மண்டபத்துல வச்சு மரியாத செஞ்சாங்க. சரியா தப்பான்னு கேட்டா இங்க எனக்கே தடுமாறுது. மன்னிப்பு கேட்டவர்ங்கறதால ஒரு பக்கம் சாயறேன், ஆனா அத நான் ஒரு யூதனா இல்லாம சொல்றேன்னும் தெரியுது.

உங்க சாமியார் கேஸ்ல அந்த தடுமாற்றம் எனக்கு இல்ல. அவர் எதையும் வாபஸ் வாங்கல. ஆஸ்பத்திரிக்கு நன்றி சொல்லணுமா, தாராளமா சொல்லட்டும், ஆஸ்பத்திரிக்குப் போய் அங்க நின்னு சொல்லட்டும். சமூகத்துக்கே வழிகாட்டின்னா எந்த வழிய காட்டறாருன்னு கேப்பாங்களா இல்லையா. அதே மேடையில, ஐயா உங்க சேவைய மதிக்கறேன், கல்யாணத்த பத்தி நீங்க சொன்னது தப்புன்னு ஒரே ஒரு வரி சொல்லியிருந்தா நான் இன்னிக்கு அவர் பக்கம் நின்னு பேசியிருப்பேன். கால்ல விழுந்தத கூட, அவர் நம்பிக்கைன்னு விட்டிருப்பேன்.

ஓட்டு போட்டதுக்கு வருத்தப்படாதீங்க. அவர் ஆபீஸுக்கு ஒரு லெட்டர் போடுங்க, திட்டாதீங்க, அந்த வீடியோவுல இருக்கற வரிய அப்படியே எழுதி, இத நீங்க ஒத்துக்கறீங்களா இல்லையான்னு மட்டும் கேளுங்க. அனுப்பறதுக்கு முன்னாடி அக்காகிட்ட ஒரு தடவ காட்டிடுங்க, அவங்க ஏதாவது சேக்கணும்னு நினைக்கலாம். பதில் வந்தா எனக்கும் அனுப்புங்க. வரலன்னாலும் எழுதுங்க.