சொல்லாமல் கூட்டிப் போகலாமா?

சிங்கப்பூரில் உள்ள யூனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காவுக்குப் பிள்ளைகளைச் சொல்லாமல் கூட்டிப் போகலாமா என்ற கேள்விகளுக்கு, நான்கு முறை போய் வந்த ஓர் அம்மாவின் பதில்கள்.

மகளுக்கு ஏழு வயது. சென்னை ஏர்போர்ட் போகிறவரை மூச்சு விடக்கூடாது என்கிறார் என் கணவர். சரிவருமா?

வராது. சிங்கப்பூர் விமானங்கள் பலவும் நள்ளிரவை ஒட்டித்தான் கிளம்புகின்றன. தூக்கக் கலக்கத்தில் இருக்கிற பிள்ளையிடம் "எங்க போறோம் தெரியுமா?" என்று கேட்டால், "வீட்டுக்குப் போகலாம்மா" என்று அழுகைதான் வரும். என் மகன் அப்படித்தான் அழுதான். அதைப் படம்பிடிக்க என் தம்பி செல்போனோடு நின்றது தனிக்கூத்து. முதல் நாள் சாயங்காலம் சொல்லுங்கள். பெட்டி அடுக்கும்போது அவளும் துள்ளுவாள்.

இனிமேல்தான் பாஸ்போர்ட்டே எடுக்க வேண்டும். எப்படி மறைப்பது?

மறைக்காதீர்கள். சிங்கப்பூர் என்று சொல்லிவிட்டு, பூங்காவை மட்டும் ரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள். என் கணக்கில் அதுவே போதுமான ஆச்சரியம்.

மகன் 118 செ.மீ. உயரம். எல்லா ரைடிலும் ஏறலாமா?

முடியாது. பேட்டில்ஸ்டார் கலாக்டிகா ரோலர் கோஸ்டருக்கு 125 செ.மீ., 'மம்மி' ரைடுக்கு 122 வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடுக்கு 102 போதும், ஆனால் இந்த உயரத்துக்குப் பெரியவர் ஒருவரும் சேர்ந்து ஏற வேண்டும். ரகசியம் காக்கிற ஆசையில் இதையும் மறைத்துவிடாதீர்கள். வீட்டுச் சுவரில் நிற்கவைத்து அளந்து, எது கிடையாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். வரிசையில் நின்று, அளவுகோலைத் தொடமுடியாமல் திரும்புகிற பிள்ளையை அப்புறம் சமாதானப்படுத்துவது பெரும்பாடு.

என் பெண் பட்டாசுச் சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொள்வாள்.

அவளுக்கு இந்த ஆச்சரிய விளையாட்டே வேண்டாம். இரண்டு வாரம் முன்பே சொல்லி, வீடியோ காட்டுங்கள். புது வீடியோவாக இருக்கட்டும்: பூங்காவில் பழைய மடகாஸ்கர் பகுதி போய், 2025 பிப்ரவரியில் மினியன் லேண்ட் திறந்திருக்கிறார்கள்.

மழை வந்தால்?

மின்னல் என்றால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். "இதில் கட்டாயம் ஏத்திவிடுறேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

மாமியாரிடம் சொல்லலாமா? ரகசியம் நிற்காதே!

தேதியைச் சொல்லாதீர்கள். எங்கள் அத்தை பேத்தியிடம், "சிங்கப்பூருக்கு இந்தக் கவுனை எடுத்துக்கோ" என்று ஒரு மாதம் முன்பே போட்டு உடைத்துவிட்டார். அவளோ கடைசிவரை எங்களிடம் தெரியாத மாதிரியே நடித்தாள்.